ராத்திரி பத்து மணிக்கும் சுவர் ஏன் சுடுகிறது?

போன மே மாதம் ஒரு நாள் ராத்திரி, வடபழனியிலிருந்து பைக்கில் கிளம்பி மதுராந்தகம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். கிளம்பும்போதே மணி பத்தரை. தாம்பரம் வரைக்கும் முகத்தில் அடித்தது அனல்தான். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று தாண்டத் தாண்ட அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சிங்கப்பெருமாள் கோவிலும் பரனூர் டோல்கேட்டும் போய் கொளவாய் ஏரி ஓரமாக வரும்போது சட்டைக்குள் ஜில்லென்று காற்று புகுந்தது. ஊர் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா திண்ணையில் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் எங்கள் சென்னை வீட்டில், மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன மாதிரி ஒரு சூடு இருந்திருக்கும். எண்பது கிலோமீட்டர்தான் தூரம், ஒரே கத்திரி வெயில், ஒரே வானம், அப்புறம் எப்படி இந்த வித்தியாசம்?

இதை ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே தமிழாக்கி 'நகர்ப்புற வெப்பத் தீவு' என்கிறார்கள். பேர் என்னவோ இருக்கட்டும், விஷயம் பலருக்கும் தப்பாகவே புரிந்திருக்கிறது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். "வேலூரிலும் திருத்தணியிலும் சென்னையைவிட வெயில் அதிகம் என்றுதானே தினமும் செய்தியில் சொல்கிறார்கள், நகரம்தான் சூடு என்றால் எப்படி?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது பகல் கணக்கு. மத்தியானம் கடற்காற்று உள்ளே வந்ததும் சென்னையின் சூடு தடுக்கப்பட்டு நின்றுவிடும், வேலூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சென்னைக்குள்ளேயே பாருங்கள், கடலுக்குக் கிட்டே இருக்கும் நுங்கம்பாக்கத்தைவிட உள்ளே தள்ளி இருக்கும் மீனம்பாக்கத்தில் பல நாட்கள் ஒரு டிகிரியாவது கூட இருக்கும், காற்று அங்கே போய்ச்சேர நேரமாகிறது என்பதால். கடற்காற்று வராமல் போன நாளில் என்ன ஆகும் என்பதற்கு 2003 மே 31 சாட்சி, அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. ஆக நகரத்தால் வரும் சூட்டைப் பார்க்க வேண்டும் என்றால், கடலிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும் நகரத்தையும் வயல்காட்டையும் ஒப்பிட வேண்டும், அதுவும் சூரியன் மறைந்த பிறகு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் பெரிதாகத் தெரிவது அப்போதுதான்.

இந்த ராத்திரி விஷயம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. லண்டனில் லூக் ஹோவர்ட் என்று ஒருவர் இருந்தார். தொழில் மருந்து தயாரிப்பது, ஆனால் மனசெல்லாம் வானத்தில். மேகங்களை வகைபிரித்து அவர் வைத்த பெயர்களைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. அவர் நகரத்துக்கு வெளியே தானே எடுத்த வெப்பநிலைக் குறிப்புகளையும் லண்டனுக்குள் ராயல் சொசைட்டி எடுத்த குறிப்புகளையும் வருஷக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ராத்திரியில் நகரம் சுமார் 2 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடு, பகலிலோ இம்மியளவு குறைவு என்று தெரிந்தது. அவர் அதை நூலாகப் போட ஆரம்பித்தது 1818இல். தார் ரோடு, கான்கிரீட், ஏசி, கார் எதுவும் இல்லாத காலத்து லண்டன் அது. அப்போதே நகரம் ராத்திரியில் சூட்டை விடவில்லை.

இப்போது காரணத்துக்கு வரலாம். யாரைக் கேட்டாலும் "இவ்வளவு ஜனம், இவ்வளவு வண்டி, சூடாகாமல் என்ன செய்யும்" என்பதுதான் முதல் பதில். ஜனத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. 2011 கணக்கெடுப்பில் சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,500 பேர். பெருக்கி வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 2.65 வாட் வருகிறது. உச்சி வெயிலில் சூரியன் அதே சதுர மீட்டரில் கொட்டுவது 900, 1000 வாட். ஜனக்கூட்டத்தின் மேல் பழி போட முடியாது. வண்டியும் ஏசியும் தொழிற்சாலையும் சேர்ந்தால் இந்த எண் கூடும், அதிலும் ஏசிக்கு ராத்திரியில் ஒரு தனிப் பங்கு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பெரிய முதலாளி சூரியன்தான். வயலுக்கும் தெருவுக்கும் அவர் ஒரே கூலிதான் கொடுக்கிறார், வாங்கிக்கொண்ட வெப்பத்தை இரண்டும் செலவழிக்கிற விதம்தான் வேறு.

சின்ன வயதில் சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பது எங்களுக்கு விளையாட்டு. முதல் வாளி ஊற்றியதும் தரையிலிருந்து வெக்கை குப்பென்று எழும்பும், அம்மா "தள்ளி நில்லு" என்று சத்தம் போடுவார், மூன்றாவது நான்காவது வாளிக்கு அப்புறம் பாய் விரிக்கலாம். அந்தத் தண்ணீர் தரையைக் கழுவிவிட்டதால் மட்டும் சூடு போகவில்லை. தண்ணீர் ஆவியாக மாற வெப்பம் வேண்டும், அதைத் தரையிலிருந்து உறிஞ்சிக்கொண்டுதான் அது கிளம்புகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும் என்றால் கரண்ட் பில் கணக்கில் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் செலவாகிறது. இது சாதாரண அளவு இல்லை.

வயலில் இந்த வேலை நாள் முழுக்க நடக்கிறது. தண்ணீர் நிற்கும் நெல் வயலில் விழும் வெயிலின் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலும், இலைகளின் வழியாக ஈரத்தை வெளியே அனுப்புவதிலும் செலவாகிவிடும், மிச்சம்தான் காற்றைச் சூடாக்கும். வேரடியில் நல்ல ஈரம் கிடைக்கும் ஒரு பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டர் தண்ணீரை இலை வழியாக விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒன்றரை டன் ஏசி ஒன்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் முழு வேகத்தில் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். ஏசி அந்தச் சூட்டை ஜன்னலுக்கு வெளியே, நம் தெருவிலேயே கொட்டுகிறது. மரம் அதை ஆவிக்குள் ஒளித்து மேலே அனுப்பிவிடுகிறது. அப்புறம் நிழல் தனி. அடையாறிலிருந்து வேளச்சேரிக்கு வண்டியில் போகிறவர்களுக்குத் தெரியும், ஐஐடி, கிண்டி பூங்கா பக்கம் வந்ததும் வேறு ஊருக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். கிண்டி தேசியப் பூங்காவின் மொத்தப் பரப்பே 2.7 சதுர கிலோமீட்டர்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதே, அடுத்த கோடையில் நிழல் போன தெருக்களில் நடந்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை, தோலே சொல்லியிருக்கும்.

நகரத்தில் என்ன செய்தோம்? தண்ணீர் நிற்க இடமில்லாமல் செய்தோம். தி.நகர் இருக்கும் இடத்தில் ஒரு நூறு வருஷத்துக்கு முன்பு நீளமான ஏரி ஒன்று இருந்தது, 1920களில் அதைத் தூர்த்துத்தான் குடியிருப்பு வந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, அந்த ரோட்டில் நின்றால் எந்த ஏரியும் கண்ணுக்குத் தெரியாது. நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரிப் படுகைதான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் முன்பு இருந்ததில் ஒரு சிறு பங்கு மட்டும் மிஞ்சி, 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. இதையெல்லாம் நாம் வெள்ளம் வரும்போது மட்டும்தான் பேசுகிறோம். மழை வந்தால் தண்ணீர் நிற்க இடமில்லை என்பதும் கோடையில் ஆவியாக ஈரமில்லை என்பதும் ஒரே சிமெண்ட் பூச்சின் இரண்டு விளைவுகள். பெய்த மழை அரை மணியில் வடிகால் வழியாகக் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ போய்விட்டால், மறுநாள் வெயிலுக்கு உலர்த்த என்ன இருக்கிறது? வெயில் நேராகத் தரையையும் சுவரையும் சூடாக்கப் போய்விடுகிறது.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிராமம் என்றாலே பகலில் குளிர்ச்சி என்று நினைக்க வேண்டாம். அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் தரிசு நிலத்தில் கோடைப் பகலில் நின்று பாருங்கள். இந்தியாவில் பல நகரங்களைச் சுற்றி ஏப்ரல், மே மாதங்களில் நிலம் காய்ந்து கிடப்பதால், மத்தியானத்தில் செயற்கைக்கோள் படத்தில் தரைச் சூடு நகரத்தைவிட வெளியே அதிகமாகத் தெரிவதும் உண்டு. காரணம் அதேதான், ஈரம் இல்லை. ஆனால் அந்தத் தரிசு நிலமும் ராத்திரியில் குளிர்ந்துவிடுகிறது, நகரம்தான் குளிர்வதில்லை. ஏன் என்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் வேண்டும்.

ஒன்று, சேமிப்பு. கான்கிரீட்டும் செங்கல்லும் காய்ந்த மண்ணைவிட வெப்பத்தைச் சில மடங்கு வேகமாக உள்ளே கடத்தும். காய்ந்த மண்ணில் மேல்தோல் மட்டும் கொதிக்கும், அரை அடி தோண்டினால் சூடு குறைந்திருக்கும். சுவரிலும் தளத்திலும் சூடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நிறம் வேறு சேர்ந்துகொள்கிறது, புதிதாகப் போட்ட தார் ரோடு தன் மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய 95 சதவீதத்தை விழுங்கிவிடும். அப்புறம் பரப்பளவு. ஒரு மனை வெறும் நிலமாக இருந்தால் வெயில் படுவது ஒரே பரப்பில், அதே மனையில் மூன்று மாடி எழுப்பினால் கூரையோடு நான்கு பக்கச் சுவர்களும் சேர்ந்து சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்பக்கம் வாங்கும் சூடு உள்பக்கம் வந்துசேர ஏழு மணி நேரம் போல ஆகும். மேற்குச் சுவரில் வெயில் காய்வது மூன்று, நான்கு மணிக்கு. ஏழு மணி நேரத்தைக் கூட்டுங்கள். பத்து, பதினொரு மணிக்கு நாம் தூங்கப் போகும் நேரம் பார்த்து அது படுக்கையறைக்குள் நுழைகிறது.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இதை ஓரளவு யோசித்திருந்தார்கள். தேக்கு உத்தரம், அதன் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை, அதன் மேல் செங்கல் ஜல்லி போட்டு இடித்த சுண்ணாம்புத் தளம், கடைசியில் தட்டோடு. உயரமான கூரை, நடுவில் முற்றம். இப்போது ஐந்து அங்குல கான்கிரீட் ஸ்லாப், பல இடங்களில் மேலே வெயிலையும் மழையையும் தாங்கப் போடும் வெதரிங் கோர்ஸ் என்ற மேல்தளம்கூட ஒழுங்காகப் போடுவதில்லை. கடைசி மாடியில் குடியிருக்கிறவர்களுக்கு இது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் வானம். இதைத்தான் நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. ராத்திரியில் தரை குளிர்வது காற்றால் மட்டும் இல்லை, சூடாக இருக்கும் எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிராக வெப்பத்தை வெளியே வீசிக்கொண்டே இருக்கும். திறந்த மைதானத்தில் அந்தக் கதிர் நேராக மேலே போய்விடும். திருவல்லிக்கேணி, சவுகார்பேட்டை மாதிரி ஒடுங்கிய சந்தில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தால் வானம் ஒரு ரிப்பன் அளவுதான் தெரியும். ரோடு வீசும் வெப்பத்தை எதிர்ச்சுவர் வாங்குகிறது, அந்தச் சுவர் வீசுவதை இந்தச் சுவர் வாங்குகிறது, இப்படியே மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு விடியும் வரை பொழுதை ஓட்டுகின்றன. வான்கூவரில் இருந்த கனடா ஆய்வாளர் டிம் ஓக், சிறிய மாதிரிகளை வைத்தும் உண்மையான நகரங்களில் அளந்தும், தெருவின் அகலத்தோடு ஒப்பிட்டால் கட்டிடம் எவ்வளவு உயரம் என்பதற்கும் ராத்திரி வெப்ப வித்தியாசத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை 1981இல் காட்டினார். குறுகலான தெரு பகலில் நல்ல நிழல் தரும் என்பதையும் மறுக்க முடியாது. அதே தெரு பகலில் உதவி, ராத்திரியில் உபத்திரவம்.

காற்றில்லாத, மேகமில்லாத ராத்திரியில்தான் இந்த வித்தியாசம் உச்சத்துக்குப் போகும். மேகம் இருந்தால் அது மேலே கம்பளி போட்ட மாதிரி, கிராமமும் குளிராது. அதனால் இது கோடைக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. மார்கழி, தை விடியற்காலையில் செங்கல்பட்டு பக்கம் எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருக்கும், கோடம்பாக்கத்தில் ஒன்றும் இருக்காது. அப்போதும் நகரம் சூடாகத்தான் இருக்கிறது, நமக்கு அது இதமாக இருப்பதால் யாரும் புகார் சொல்வதில்லை.

சரி, ஏசி. ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து 5 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே வெப்பத்தை எடுக்கிறது, அதற்கு ஒன்றரை கிலோவாட் போல மின்சாரம் தின்கிறது, இரண்டையும் கூட்டி ஆறரை கிலோவாட்டுக்கு மேல் வெளியே துப்புகிறது. வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது, கூடவே தன் பங்கையும் சேர்க்கிறது. தெரு குளிர வேண்டிய நேரத்தில், சந்துக்குள், அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்து அது ஓடுகிறது என்பதுதான் பிரச்சினை. அந்த அடுத்த வீட்டில் ஏசி இல்லாமலும் இருக்கலாம். 'டன்' என்பதற்கு ஏசியின் எடை என்று அர்த்தம் என நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ அந்த அளவு என்று அர்த்தம். ஐஸ் கட்டியை வைத்துக் குளிர்ச்சியை அளந்த காலத்தின் மிச்சம் அது. அந்தக் காலத்துக் கட்டிடம் ஒன்று மெரினா எதிரிலேயே நிற்கிறது. பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து பாதுகாக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

காற்றையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கட்டிடங்கள் தரையோரக் காற்றின் வேகத்தைக் குறைக்கும். நமக்குக் கிழக்கே முழுநீளத்துக்குக் கடல் இருக்கிறது, கடற்காற்றுதான் நம் இலவச ஏசி, அதற்குக் குறுக்கே சுவர் மாதிரி வரிசையாக அடுக்குமாடிகள் எழுப்பினால் மேற்கே இருப்பவர்களுக்கு என்ன மிஞ்சும்? ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ராத்திரியில் மலைச்சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்று ஊருக்குள் வரும் பாதைகளை அங்கே திட்டமிட்டுக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். நம் கட்டிட அனுமதிப் பேச்சுகளில் காற்றுக்குப் பாதை என்று ஒரு வரி வந்து நான் கேட்டதில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் புவி வெப்பமாதல் என்பதெல்லாம் நகரத்து தெர்மாமீட்டர் செய்த வேலைதான்" என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை. நகரம் என்று எதுவும் இல்லாத கடல் நடுவிலும் வெப்பம் ஏறியிருக்கிறது, கிராமத்து நிலையங்களிலும் ஏறியிருக்கிறது. இவை இரண்டும் தனித்தனி. நகரவாசிக்கு இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன, அவ்வளவுதான்.

எனக்கு ரொம்ப வருத்தமான இடத்துக்கு வருகிறேன். பகல் முழுக்க வெயிலில் கிடந்த உடம்பு ராத்திரியில்தான் தேற முடியும். அறை குளிராவிட்டால் தூக்கம் வராது, இதயத்துக்கு ஓய்வு கிடைக்காது, அடுத்த நாள் வேலைக்குப் பழைய களைப்போடு போக வேண்டும். சென்னையின் புழுக்கத்தில் வேர்வையும் காயாது. ஆனால் நாம் வெயிலைப் பேசுவதெல்லாம் பகல் உச்சத்தை வைத்துத்தான், இத்தனை இடத்தில் சதம் அடித்தது என்று. இந்திய வானிலைத் துறையில் 'வெப்ப இரவு' என்று ஒரு வகையே இருக்கிறது. ஆனால் அன்றைய பகல் 40 டிகிரியைத் தொட்டிருந்தால்தான் அந்தக் கணக்கே ஆரம்பிக்கும், அதற்கு மேல் ராத்திரி வெப்பம் வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடற்காற்றால் பகல் 37, 38இல் நின்றுபோன ஒரு நாளில், ராத்திரி முழுக்க விசிறி அனலை அரைத்துக்கொண்டிருந்தாலும் அது அந்தப் பட்டியலில் வராது. 'வழக்கம்' என்பதும் முப்பது வருஷ சராசரி. அந்த முப்பது வருஷத்தில் நகரம் சேர்த்துக்கொண்ட சூடு அந்த 'வழக்கத்துக்குள்ளேயே' கலந்து கிடக்கிறது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல காரியம். ராத்திரியையும் அதே அக்கறையோடு அளக்க வேண்டும், நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் மட்டும் இல்லை, வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

செய்யக் கூடியதில் மிக மலிவானது கூரைக்கு வெள்ளை அடிப்பது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகு 2013இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்த அந்த நகரம், பின்னர் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையையும் எடுத்தது. நல்ல வெள்ளைப் பூச்சு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், அறைக்குள் இரண்டு மூன்று டிகிரியாவது குறையும், தூசி படிந்தால் மறுபடி அடிக்க வேண்டும். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு பச்சை வலையோ கொடியோ போட்டு நிழல் கொடுத்தால், அந்த ஏழு மணி நேரச் சூடு உள்ளே கிளம்பவே கிளம்பாது. உள்பக்கம் திரைச்சீலை போடுவதால் பயன் கொஞ்சம்தான், சுவர் அதற்குள் குடித்து முடித்திருக்கும்.

மரம் நடுவதை எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் நட்ட மரத்தின் அடியைப் பாருங்கள். எங்கள் தெருவில் நடைபாதை போட்டபோது வேப்பமரம், புங்கமரம், தூங்குமூஞ்சி எல்லாவற்றுக்கும் அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் பூசிவிட்டார்கள், விரல் நுழையக்கூட மண் தெரியவில்லை. வேருக்குத் தண்ணீர் போகாத மரம் நிழல் தரும், ஆனால் கோடையில் இலை வழியாக விடும் ஈரத்தை நிறுத்திக்கொள்ளும், அது கருகாமல் பிழைக்க வேறு வழியில்லை. நாலைந்து பேர் சேர்ந்து கடப்பாரை எடுத்துப்போய், வார்டு பொறியாளரிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மரத்தையும் சுற்றி மூன்றடி அகலத்துக்கு அந்தப் பூச்சை உடைத்தோம். அதில் இப்போது மழைத்தண்ணீர் இறங்குகிறது, எதிர்வீட்டு அக்கா அரிசி கழுவிய தண்ணீரையும் அங்கேதான் கொண்டுவந்து ஊற்றுகிறார்.